வாடை பிறந்துவிட்டது: தை வரைக்கும் தூண்டில்காரர் என்ன செய்கிறீர்கள்?

#1 ஒட்டுசுட்டான் தூண்டில்

எல்லோருக்கும் வணக்கம். ஐப்பசி பிறந்து நல்ல மழை இரண்டு விழுந்ததோடு முத்தையன்கட்டு பால்தேத்தண்ணி நிறத்துக்கு வந்துவிட்டது. பேராற்றால் புதுத்தண்ணீர் இறங்குகிறது. அலைகரையில் நான் நின்று விரால் பிடித்த இடமெல்லாம் இப்போது இடுப்பளவு தண்ணீர். மீன் பற்றைக்குள் பரந்துவிட்டது, எங்கே எறிவது என்றே தெரியவில்லை. சரி, கடலையாவது பார்ப்போம் என்று முல்லைத்தீவுக் கரைக்குப் போனேன். வாடைக் காற்று பிடித்துவிட்டது. எறிந்த தங்கூசியை (தூண்டில் நூலை) அலை திரும்பக் கொண்டுவந்து காலடியில் போடுகிறது, போதாக்குறைக்குச் சாதாளை (கடற்பாசி) வேறு சுற்றிக்கொண்டு வருகிறது. படகுகளை எல்லாம் மேலே இழுத்து வைத்துவிட்டார்கள். தெற்கிலிருந்து நாயாற்றுக்கு வந்து வாடி (மீன்பிடிக் கொட்டில்) போட்டிருந்த ஆட்களும் கட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளிநாட்டுப் பெடியள் குளிர்காலத்தில் சீசன் மூடுகிறது என்று அழுவதை வாசித்திருக்கிறேன். எங்களுக்குச் சட்டம் போட்டு மூட யாரும் இல்லை, மழையே மூடிவிடுகிறது. நீங்கள் எல்லோரும் தை வரைக்கும் என்னதான் செய்கிறீர்கள்? வீட்டில் மனிசி 'இனியாவது ஞாயிற்றுக்கிழமையில் வீட்டில் நிற்பியள்' என்று சந்தோசமாக இருக்கிறா. எனக்குக் கை சும்மா இருக்குதில்லை.

#2 றீல் வைத்தியர் (கிளிநொச்சி)

கை சும்மா இருக்காவிட்டால் றீலைக் கழற்றுங்கள் அண்ணை. வருசம் முழுக்கக் கடலிலும் குளத்திலும் போட்டு அடித்துவிட்டு, மாரிக்கு அப்படியே மூலையில் சாத்தி வைத்தால், மாசியில் எடுக்கும்போது கைபிடி சுற்றாது. பிறகு என்னிடம்தான் கொண்டுவருவீர்கள்.

முதலில் கடலுக்குப் போன றீலை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். பைப்பைத் திறந்து அழுத்தமாக அடிக்க வேண்டாம், அப்படி அடித்தால் உப்பு உள்ளுக்குத்தான் போகும். மெல்ல ஊற்றிக் கழுவி, நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். டிராக்கை (நூல் ஓடுவதை இறுக்கும் பிரேக்கை) இறுக்கும் திருகை முழுதாகத் தளர்த்திவிடுங்கள். உள்ளே இருக்கும் வாசர்கள் மாதக்கணக்கில் நசுங்கிக் கிடந்தால், பிறகு பெரிய மீன் இழுக்கும்போது தங்கூசி வழுக்கிப் போகாமல் வெட்டிவெட்டிப் போகும். அறுகிற மீனில் பாதி அப்படித்தான் அறுகிறது. ஆட்கள் தங்கூசியைத் திட்டுவார்கள்.

உள்ளே பற்சக்கரத்துக்குக் கிறீஸ், பெயரிங்குக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி. ஒரு துளி என்றால் ஒரு துளிதான். தங்கூசி ஓடுகிற அந்தச் சின்ன உருளையை யாரும் கவனிப்பதில்லை, உப்பு முதலில் இறுகுவது அங்கேதான். விரலால் சுற்றிப் பாருங்கள், சுற்றாவிட்டால் தங்கூசியை அரம் மாதிரி அராவும்.

தங்கூசியின் முன் பகுதியை நகத்துக்கு இடையில் பிடித்து இழுத்துப் பாருங்கள். சொரசொரப்பு இருந்தால் அந்தளவையும் வெட்டி எறியுங்கள். பின்னல் நூல் பாவிக்கிற ஆட்கள் அதை முழுதாகக் கழற்றித் தலைகீழாகச் சுற்றலாம். அடியில் கிடந்த புது நூல் மேலே வரும், காசு மிச்சம். நைலோன் தங்கூசிக்கு அந்த வேலை சரிவராது, அது வெயிலில் ஏற்கனவே பழுதாகியிருக்கும்.

இன்னொன்று. பொய் இரைகளில் றப்பர் தவளையையும் கட்டிப் பிளாஸ்ரிக் மீனையும் ஒரே பெட்டிக்குள் போட்டு மூட வேண்டாம். றப்பரில் இருக்கிற எண்ணெய் பிளாஸ்ரிக்கைக் கரைக்கும். மாரி முடிந்து திறந்தால் எல்லாம் ஒரே பசையாக ஒட்டிக் கிடக்கும். தடியைச் சுவரில் சாய்த்து வைக்காமல் கிடையாகத் தொங்கவிடுங்கள்.

#3 விசுவமடு அக்கா

றீல் வைத்தியர் தம்பி, அந்தக் கிறீஸ் கையோடு மேசைவிரிப்பில் தொடாமல் இருக்கவும் ஒரு வழி சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் மாரி வந்தால் பிரச்சினை இல்லை. கந்தசஷ்டி முடிய, பிள்ளையார் கதை 21 நாள், அது முடிய மார்கழித் திருவெம்பாவை. மீன் பிடித்துக் கொண்டுவந்தாலும் சட்டி ஏறாது. நடுவில் கிடைக்கிற நாட்களுக்குக் கருவாடு இருக்கிறது. ஆவணி வெயிலில் நானே காயவைத்த கட்டாக் கருவாடும் நெத்தலியும் போத்தலில் போட்டு வைத்திருக்கிறேன். மழை விடாமல் பெய்கிற இரவில் ஒடியல் கூழ் காய்ச்சி, அதற்குள் கருவாடும் நண்டும் முருங்கையிலையும் போட்டால், தூண்டிலை யார் நினைப்பார்? என்ரை மனுசன் நினைப்பார். கூழைக் குடித்துக்கொண்டே யூரியூப்பில் மலேசியாக்காரன் விரால் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒட்டுசுட்டான் தம்பி, உங்கள் மனிசி சந்தோசமாக இருந்தால் அந்தச் சந்தோசத்தைக் கெடுக்காதீர்கள். தை பிறக்கும், எங்கேயும் ஓடாது.

#4 இரணைமடுப் பெடியன்

எல்லோரும் ஏன் சீசன் முடிந்தது என்கிறீர்கள்? எனக்கு இப்போதுதான் தொடங்குகிறது. இரணைமடுக் குளம் 36 அடி முட்டி வான் (மிச்சத் தண்ணீர் வெளியேறும் வழி) பாய்ந்தால் கீழே நின்றாலே போதும். தூண்டில், வீச்சுவலை, அத்தாங்கு, எதைப் போட்டாலும் மீன். போன முறை உரப்பையால் கட்டித் தூக்கிக்கொண்டு போன ஆட்களைப் பார்த்தேன். சின்ன வாய்க்காலில் பனையேறியும் கெளுத்தியும் தண்ணீரை எதிர்த்து ஏறி வரும், கையாலேயே பிடிக்கலாம். நீங்கள் றீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருங்கள்.

#5 குளக்கட்டு

தம்பி இரணைமடு, கோபப்படாமல் வாசியுங்கள். நான் கன காலம் நன்னீர் மீன்பிடிச் சங்கத்தில் இருந்தவன். நீங்கள் இரண்டு விசயத்தை ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள்.

வானுக்கு மேலால் விழுகிற மீன் வேறு, வாய்க்காலில் ஏறுகிற மீன் வேறு.

வானால் விழுகிற மீன் பெரும்பாலும் நக்டா (அரசாங்க மீன்வளர்ப்பு அதிகாரசபை) குஞ்சு விட்டு வளர்ந்த மீன். றோகு, கட்லா, மிரிகால், பிறகு ஜப்பான் (திலாப்பியா). அது விழுந்தால் கனகராயன் ஆற்றோடு போய்ச் சுண்டிக்குளத்துக் களப்பில் சேரும். ஜப்பான் கொஞ்சம் உப்பைத் தாங்கும். இந்தியக் கெண்டை வகைகள் உப்பு ஏறினால் தாங்காது. குளத்துக்குத் திரும்பி ஏறவும் மாட்டாது. ஆகவே அதைப் பிடிப்பதில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. சங்கக்காரர் சிலர் 'நாங்கள் விட்ட குஞ்சு' என்று சண்டைக்கு வருவார்கள், அந்தக் கதையை அங்கே பேசித் தீர்க்க வேண்டும்.

ஆனால் முதல் மழைக்கு வாய்க்காலிலும் வயலிலும் ஏறுகிறதே, அது முட்டை போட ஏறுகிற மீன். வயிற்றை அமத்திப் பாருங்கள், சினை வழியும். பனையேறி, கெளுத்தி, குறவை, விரால் எல்லாம் இந்தப் புதுத்தண்ணீருக்காகத்தான் வருசம் முழுக்கக் காத்திருக்கின்றன. அந்த வாய்க்காலுக்குக் குறுக்கே வலையைக் கட்டி ஒரு இரவில் அள்ளினால், அடுத்த ஆவணியில் குளத்தில் நின்று 'விரால் இல்லை, விரால் இல்லை' என்று எழுதுவீர்கள். போன வருசம் இதே இடத்தில் எழுதினீர்கள், நான் மறக்கவில்லை.

விராலைப் பற்றி இன்னும் ஒன்று. மழைக்குப் பிறகு ஓரத் தண்ணீரில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு குஞ்சுக் கூட்டம் ஒன்றாக மேலே வந்து மூச்செடுத்துப் போவதைக் கண்டிருப்பீர்கள். கீழே தாயும் தகப்பனும் காவல். அந்தக் கூட்டத்துக்கு நடுவில் தவளையை எறிந்தால் நிச்சயம் அடிக்கும். பசிக்கு அடிப்பதில்லை, பிள்ளையைக் காக்க அடிக்கிறது. அந்த விராலை நீங்கள் தூக்கிய அடுத்த நிமிடம் சுற்றி நிற்கிற மீன்கள் குஞ்சை முழுதாகத் தின்று முடித்துவிடும். படத்தில் ஒரு விரால், பின்னால் ஒரு தலைமுறை. அதைச் செய்கிறவனைத் தூண்டில்காரன் என்று நான் சொல்ல மாட்டேன்.

உயிர்ப் பயத்தையும் சொல்ல வேண்டும். வானுக்குக் கீழே சீமெந்தில் பாசி. கால் வழுக்கினால் சுழியில்தான் எழும்ப வேண்டும். 2018 டிசம்பர் 21ஆம் திகதி இரவு பெய்த மழைக்கு இரணைமடு வான்கதவுகள் திறந்து, கீழே பன்னங்கண்டி, முரசுமோட்டைப் பக்கமெல்லாம் தண்ணீர் ஏறியது உங்களுக்குத் தெரியும். கதவைத் திறக்கும்போது கீழே நிற்கிறவனிடம் அனுமதி கேட்டுத் திறப்பதில்லை. முதலையும் இந்த நேரத்தில்தான் குளம் மாறும்.

#6 இரணைமடுப் பெடியன்

ஐயா, கோபமில்லை. குஞ்சுக் கூட்டத்துக்குள் தவளை எறிவது எனக்கும் பிடிக்காது, நான் செய்வதுமில்லை. ஆனால் வாய்க்கால் மீனை விடச் சொல்வது நடக்கிற காரியமா? அந்த வாய்க்காலில் கரப்பு (மீன் பிடிக்கும் கூடை) வைக்கிறவர்கள் பொழுதுபோக்குக்கு வைப்பதில்லை. மழையில் கூலி வேலை இல்லை, கடலும் இல்லை. அன்றைக்குச் சோற்றுக்குக் கறி அதுதான். வாய்க்காலில் கரப்பு வைத்து அப்பம்மா பிடித்த மீனைத் தின்றுதான் நானும் வளர்ந்தேன். அப்போதெல்லாம் விரால் குறையவில்லையே.

#7 குளக்கட்டு

கரப்பால் குறையாது தம்பி. கரப்பு வைத்தவள் ஒரு சட்டிக்குப் பிடித்துக்கொண்டு போனா. இப்போது வாய்க்காலின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் சின்னக் கண் தங்கூசி வலையை இரவிரவாகக் கட்டி, உரப்பையில் போட்டுச் சந்தைக்கு ஏற்றுகிறார்கள். நீங்களே உரப்பை என்று எழுதினீர்கள். சோற்றுக்குக் கறி தேடுகிறவரை நான் தடுக்கவில்லை. றீலும் றொட்டும் வைத்திருக்கிற எங்களுக்குச் சொல்கிறேன். எங்களுக்கு அது கறிப் பிரச்சினை இல்லை, கை ஊறல்.

#8 வட்டுவாகல் வாசி

நந்திக்கடல் பக்க நிலவரம்: பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயத் தொடங்கினால் நாங்கள் தூண்டிலை மறந்துவிடுவோம். முகத்துவாரம் வெட்டுப்படும்வரை களப்பு நல்ல தண்ணீராகக் கிடக்கும். வெட்டுப்பட்ட பிறகு கடல் தண்ணீர் ஏறி, அதோடு இறால் குஞ்சும் கொடுவாவும் உள்ளே வரும். அந்த இடைப்பட்ட காலத்தில் வலை பொத்துகிற வேலைதான். அப்பா திண்ணையில் இருந்து வலை பொத்துவார், நான் பக்கத்தில் இருந்து கைபேசியில் வானிலை பார்ப்பேன். 'காங்கேசன்துறையிலிருந்து முல்லைத்தீவு, திருகோணமலை ஊடாக' என்று வானொலியில் தொடங்கினாலே அப்பா மிச்சத்தைக் கேட்க மாட்டார், கடல் எப்படி என்று அவருக்கு முதலே தெரியும்.

கொடுவாக்காரர் பங்குனி வரை பொறுங்கள். அதற்கு முன்னம் வந்து என்னிடம் கேட்காதீர்கள்.

#9 மல்லாவி விதைப்பு

இங்கே பாதிப் பேர் விவசாயம் செய்கிறவர்கள் என்பதை மறந்துவிட்டீர்களா? காலபோகம் விதைத்தால் தை, மாசி அறுவடை வரை எனக்குத் தலை சொறியவே நேரம் கிடையாது. வவுனிக்குளத்தில் மீன் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன. களை, உரம், பன்றிக் காவல். மற்ற ஆட்கள் குளம் நிறைந்தால் மீனை நினைக்கிறார்கள், நான் வயலை நினைக்கிறேன். எனக்குத் தூண்டில் காலம் என்றால் அறுவடை முடிந்து குளம் வற்றத் தொடங்கும் காலம்தான். மீன் ஒதுங்குகிற இடம் அப்போதுதான் தெரியும்.

ஆனால் சேற்றிலும் வெள்ளத்திலும் நிற்கிற ஆட்களுக்கு ஒன்று: எலிக்காய்ச்சல். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் வெள்ளத்துக்குப் பின்னால் பரவி உயிர்கள் போனது ஞாபகம் இருக்கும். காலில் தூண்டில் குத்திய சின்னக் காயத்தோடு வாய்க்காலில் இறங்கினாலே போதும், எலி மூத்திரம் கலந்த தண்ணீர் அதற்குள்ளால் போகும். வயலில் இறங்குகிறவர்களுக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தடுப்பு மாத்திரை கொடுப்பார்கள். மீன் பிடிக்க இறங்குகிறவர்களும் போய்க் கேளுங்கள். வெள்ளத்தில் நின்ற பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால் பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

#10 ரொறன்ரோவில் பரந்தன்

அண்ணைமார், உங்களுக்கு மழை, எங்களுக்கு ஐஸ். இங்கே பாஸ் மீனுக்குச் சீசன் மூடுகிற நாளைக் கலண்டரில் போட்டு வைத்திருப்பார்கள். அது முடிந்தால் சில பேர் நிலவறையில் இருந்து இறகால் பொய் ஈ கட்டுவார்கள், மீனைப் பற்றிப் பேசுவார்கள், மாரி முழுக்க அதுவே சீவியம். வேறு சில பேர் ஐஸ் இறுகட்டும் என்று காத்திருப்பார்கள்.

நான் இரண்டாவது ஆள். ரொறன்ரோவுக்கு வடக்கே சிம்கோ ஏரி, ஒரு மணித்தியால ஓட்டம். ஏரி உறைந்தால் அதற்கு மேல் சின்னக் குடில்களை இழுத்து வைத்து வாடகைக்கு விடுவார்கள், உள்ளே ஹீற்றர் இருக்கும். துளைப்பானால் ஐஸில் ஒரு குழி. அதற்குள் முழங்கை நீளத் தடியால் தூண்டிலை இறக்கி மெல்லத் துள்ளவிட வேண்டும். கிடைப்பது பெர்ச், கையளவு மீன். பொரித்தால் நல்ல ருசி, எங்கள் பனையேறிப் பொரியலுக்குக் கிட்டவும் வராது என்பது வேறு கதை. சட்டப்படி ஒருவருக்கு இரண்டு தூண்டில் இறக்கலாம். லைசன்ஸ் கட்டாயம்.

முதல் முறை போகும்போது ஐஸ் முறியுமா என்று பயம். தெளிந்த, நீலம் பாய்ந்த ஐஸ் 4 அங்குலம் இருந்தால் ஒரு ஆள் நடக்கலாம் என்பது இங்கத்தைய கணக்கு. வெள்ளை ஐஸ் அதில் பாதிப் பலம்தான், அதை நம்பக் கூடாது. 2024 தொடக்கத்தில் மாரி சூடாகப் போய் ஐஸ் சரியாகக் கட்டவே இல்லை, குடில் வைத்துப் பிழைக்கிறவர்களின் பாடு திண்டாட்டம். அவர்களைப் பார்க்க எனக்கு வாடி போட்ட ஆட்கள்தான் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

குளக்கட்டு ஐயா சொன்னதை இங்கே சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். பாஸ் மீன் கூடு கட்டிக் காவல் நிற்கிற காலத்தில் அதைப் பிடிக்கத் தடை. காரணம் ஐயா விராலுக்குச் சொன்ன அதே காரணம்.

#11 விசுவமடு அக்கா

ஐஸுக்கு மேல் குடில், உள்ளே ஹீற்றர், கையளவு மீன். பரந்தன் தம்பி, உங்களுக்கு ஒரு நல்ல கலியாணம் பார்க்கட்டுமா?

#12 றீல் வைத்தியர் (கிளிநொச்சி)

😄 அக்கா, அவருக்கு ஏற்கனவே பிள்ளை இரண்டு.

குளிர் என்று சொன்னதால் ஒன்று. எங்கள் வாடைக் குளிரையும் சும்மா நினைக்க வேண்டாம். 2022 டிசம்பரில் மன்டூஸ் புயல் நேரம் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் மாடுகள் குளிரில் விறைத்துச் செத்தன. அந்த மாதிரி நாளில் ஜப்பான் மீன் ஆழத்துக்கு இறங்கி இரையைத் திரும்பியும் பார்க்காது. பாண் உருட்டிப் போட்டுக்கொண்டு மழைக்குள் குந்தியிருக்க வேண்டாம்.

#13 முசலிக் கரை

பிந்தி வருகிறேன், மன்னிக்கவும். நீங்கள் எல்லோரும் கிழக்குக் கரையை மட்டும் பார்த்துவிட்டு வன்னிக்கே சீசன் முடிந்தது என்று எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். வன்னிக்கு மேற்குக் கரையும் இருக்கிறது.

மன்னாரில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த கணக்கு: சோளகத்துக்கு (தென்மேற்குக் காற்றுக்கு) வடகடல், வாடைக்குத் தென்கடல். வாடை வடகிழக்கால் அடிக்கிறது. சிலாவத்துறை, கொண்டச்சி, முள்ளிக்குளம் பக்கம் நாங்கள் தரைக்கு ஒதுக்குப்புறமாக இருக்கிறோம், காற்று நிலத்திலிருந்து கடலுக்குப் போகிறது. முல்லைத்தீவில் அலை கரையை உடைக்கிற நாளில் இங்கே கடல் படுத்துக் கிடக்கும். தூண்டில் எறிகிறவனுக்கு முதுகுக் காற்று, எவ்வளவு தூரம் போகும் என்று சொல்லத் தேவையில்லை. அந்தக் காலத்தில் முத்துக்குளிப்பும் வாடை தணிந்து சோளகம் எழும்புவதற்கு இடையில், மாசி தொடக்கம் சித்திரைக்குள்தான் இந்தக் கடலில் நடந்தது.

சும்மா ஆசை காட்டவில்லை, குறையையும் சொல்கிறேன். அருவியாறு பெருகினால் அரிப்புப் பக்கம் கடல் கலங்கிவிடும், குப்பையும் மரமும் வரும். அந்த நாட்களில் அல்லிராணிக் கோட்டைப் பக்கம் எறிந்து பிரயோசனமில்லை, தெற்கே தள்ளிப் போக வேண்டும். தாழமுக்கம் வந்தால் எந்தக் கரையும் பாதுகாப்பில்லை. 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையால் உள்ளே வந்து எங்கள் பக்கமாகத்தான் வெளியே போனது. சாதாரண வாடை நாளுக்குத்தான் நான் சொல்கிற கணக்கு.

பாரை, விளைமீன், சீலா. விடியப்புறமும் பொழுது படும்போதும்.

#14 ஒட்டுசுட்டான் தூண்டில்

முசலி அண்ணை, இதை முதலே சொல்லியிருந்தால் இந்த இழையே தொடங்கியிருக்க மாட்டேன். ஒட்டுசுட்டானிலிருந்து எப்படி வருவது நல்லது? மாங்குளம், மல்லாவி, வெள்ளாங்குளம் பிடித்து ஏ32ஆல் இறங்கலாமா? மோட்டச்சைக்கிள்தான், பின்னால் ஒரு கூட்டாளி.

#15 மல்லாவி விதைப்பு

மல்லாவிப் பக்கத்தால் போகிறதாக இருந்தால் என்னிடம் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கள். ஆனால் இந்த வார மழைக்கு அந்த வழியில் இரண்டு இடத்தில் வீதிக்கு மேலால் தண்ணீர் பாய்கிறது. மோட்டச்சைக்கிள் என்றால் வேண்டாம்.

#16 முசலிக் கரை

ஓம், வவுனியாவைச் சுற்றி வாருங்கள். தூரம் கூட, ஆனால் வீதி நல்லது. முருங்கனில் நின்று எனக்கு ஒரு கோல் எடுங்கள், அங்கிருந்து சிலாவத்துறை வீதியில் நான் கூட்டிக்கொண்டு போகிறேன். மாலைக்கு முன்னம் வந்து சேருங்கள், இரவில் அந்த வீதியில் யானை நிற்கும்.

குளத்துத் தடியைக் கொண்டுவந்து பிரயோசனமில்லை, நீளத் தடி வேண்டும். ஈயம் கூடக் கொண்டுவாருங்கள், கடலடியில் பார் (கற்பாறை) இருக்கிறது, ஈயத்தைத் தின்றுவிடும். இரைக்கு நாக்கிளிப்புழு தோண்ட வேண்டாம், இங்கே மீன்வாடியில் சூடையும் இறாலும் வாங்கலாம். ஞாயிறு காலையில் பூசைக்குப் போவேன், அதனால் சனி பின்னேரம் வாருங்கள்.

#17 இரணைமடுப் பெடியன்

இன்னுமொரு மோட்டச்சைக்கிள் வரலாமா? வானுக்கு இந்த முறை போகவில்லை. ஐயாவுக்காக இல்லை, அம்மா விடுகிறா இல்லை.

#18 முசலிக் கரை

வாருங்கள் தம்பி. உரப்பையை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.